எங்கள் 1,149 பேர் எங்கே? புதுச்சேரி சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை, டெல்லி நியமித்த மூவர் என்று பிரிக்காமல் 33 பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் உண்டு. நம் சட்டமன்றத்தில் நீங்கள் எல்லோரும் ஒத்துப்போகிற விஷயங்கள் இரண்டுதான். ஒன்று, புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டும் என்பது. அதைப் பத்துத் தடவைக்கு மேல் தீர்மானமாகவே நிறைவேற்றியிருக்கிறீர்கள். இன்னொன்றுக்குத் தீர்மானம் கிடையாது, அவைக் குறிப்பிலும் இருக்காது, மேடையில் யாரும் வாய்திறந்து சொல்லவும் மாட்டீர்கள். உள்ளாட்சித் தேர்தல் நடக்காமல் இருந்தால் நிம்மதி என்பதுதான் அது.

மறுப்பீர்கள் என்று தெரியும். எதிர்வரிசையில் இருந்தபோது உடனே தேர்தல் நடத்து என்று அறிக்கை விட்டதை எடுத்துக் காட்டுவீர்கள். விட்டீர்கள்தான். எதிர்வரிசையில் இருக்கும்போது எல்லோரும் விடுகிறீர்கள். அதே கட்சி ஆட்சிக்கு வந்ததும் அந்த அறிக்கை எங்கே போகிறது என்பதுதான் எங்களுக்குப் புரியாமல் இருந்தது. இப்போது புரிகிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். புதுச்சேரியில் 1968-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 2006-ல். நடுவில் 38 ஆண்டு. பஞ்சாயத்துகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசமைப்புச் சட்டத்தில் தனி இடம் கொடுத்த 73, 74-ஆம் திருத்தங்கள் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன் பிறகும் இங்கே 13 ஆண்டு இழுத்து, நீதிமன்றப் படியேறிய பிறகுதான் 2006-ல் தேர்தல் நடந்தது. அப்போது வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதோடு சரி. 1989-ல் பிறந்து, 2007-ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். எம்.பி. தேர்தலில் ஓட்டுப் போட்டிருப்பார், உங்களுக்கும் போட்டிருப்பார். தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வயது இப்போது அவருக்கு. தன் வார்டுக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து மட்டும் அவருக்குப் பழக்கமில்லை.

2021-ல் மாநிலத் தேர்தல் ஆணையம் அறிவிப்பு வெளியிட்டபோது நிரப்ப வேண்டிய பதவிகளையும் சொன்னது. ஐந்து நகராட்சிகளுக்குத் தலைவர்கள் 5, கவுன்சிலர்கள் 116. பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு (பல கிராமப் பஞ்சாயத்துகள் சேர்ந்தது ஒரு கொம்யூன்) உறுப்பினர்கள் 108. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்கள் 108, வார்டு உறுப்பினர்கள் 812. கூட்டினால் 1,149. இந்த 1,149 பேரும் செய்ய வேண்டிய வேலையை இப்போது அரசு நியமித்த ஆணையர்களும் உள்ளாட்சித் துறை இயக்குநரும் செய்கிறார்கள் என்பது காகிதத்தில் உள்ள நிலைமை. உண்மையில் செய்கிறவர்கள் நீங்கள்.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் புதுச்சேரியின் மொத்த வாக்காளர்கள் ஏறத்தாழ 10 லட்சம். தொகுதிகள் 30. ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். 2022 தேர்தலில் அங்கே வாக்காளர்கள் 61 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு வார்டுக்கு 30 ஆயிரம் பேர் வருகிறார்கள். அதாவது, அங்கே ஒரு கவுன்சிலர் பார்த்துக்கொள்கிற அளவு மக்களை இங்கே ஒரு எம்.எல்.ஏ. பார்த்துக்கொள்கிறார். தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்க வேண்டுமானால் நடுவில் நாலு பேரைப் பிடிக்க வேண்டும். இங்கே காலையில் ஏழு மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் நின்றால் போதும். இது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதியோர் ஓய்வூதியம், சிவப்பு ரேஷன் கார்டு, கல்லூரியில் இடம், ஜிப்மரில் படுக்கை என்று அந்த வாசலில் நின்றவர்களுக்கு நீங்கள் உதவியிருக்கிறீர்கள். சாவு வீட்டுக்கு மாலையோடு முதலில் வருகிறவரும் பெரும்பாலும் நீங்கள்தான். அதை இல்லையென்று சொன்னால் நன்றிகெட்டதனம்.

ஆனால் அந்த வாசலுக்கு ஒரு விலை இருக்கிறது. எங்கள் தெருவில் விளக்கு எரியாமல் கிடந்தபோது உள்ளூர் அலுவலகத்துக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட ஊழியர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி, “எம்.எல்.ஏ. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், சீக்கிரம் ஆயிடும்” என்றார். அவர் லஞ்சம் கேட்கவில்லை, அலட்சியமும் காட்டவில்லை. வேலை எந்த வழியில் நடக்கிறதோ அந்த வழியைக் காட்டினார். ஒரு பல்ப் மாற்றுவதற்குச் சட்டம் இயற்றுகிறவரின் சிபாரிசு தேவைப்படுகிறது. சொன்னேன், விளக்கும் எரிந்தது. அடுத்த தேர்தலில் வீட்டுக்கு வந்தவர்கள் அந்த விளக்கை மறக்காமல் நினைவூட்டினார்கள்.

தெருவுக்கு நாலு கல் பெயர்ந்தாலும் அதைச் சரிசெய்யப் பூமி பூஜை. தேங்காய் உடைக்க நீங்கள், குடை பிடிக்க ஒருவர், படமெடுக்க ஒருவர், மறுநாள் நாளிதழில் நாலு வரி. வாய்க்கால் தூர்வாரும் பணியைத் தொடங்கி வைத்தார், சிமெண்டுச் சாலைப் பணியைத் தொடங்கி வைத்தார். வாய்க்கால் தூர்வாருவதெல்லாம் சட்டமன்றத்தின் வேலையே இல்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடத்தில் ஒரு வார்டு உறுப்பினர் நின்றால் படத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். அவ்வளவுதான் விஷயம். எந்த வேலை எந்த ஒப்பந்ததாரருக்குப் போகிறது, எந்தத் தெரு முதலில், எந்தத் தெரு அடுத்த ஆண்டு என்பதையெல்லாம் ஒரு மன்றத்தில் பத்துப் பேர் முன்னிலையில் பேசித் தீர்ப்பதற்குப் பதிலாக ஓர் அறையில் இரண்டு பேர் பேசித் தீர்ப்பது எளிது. நான் யார்மீதும் ஊழல் குற்றம் சுமத்தவில்லை. அந்த இரண்டு பேரும் உத்தமர்களாகவே இருக்கட்டும். பேசியது என்ன என்று கேட்பதற்கு எங்களுக்கு ஓர் இடம் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நமது நகராட்சித் தலைவர்களையும் கிராமப் பஞ்சாயத்துத் தலைவர்களையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் நம்முடைய முறை. உழவர்கரை நகராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3 லட்சம் பேர். அங்கே தலைவராக வருகிறவர், பல சட்டமன்றத் தொகுதிகளின் ஓட்டை ஒன்றாக வாங்கி வருகிறவர். முதலமைச்சர்கூடத் தன் தொகுதியில் அவ்வளவு ஓட்டு வாங்கியிருக்க மாட்டார். மாஹேயும் ஏனாமும் இதைவிட வேடிக்கை. அங்கே நகராட்சியும் ஒன்று, தொகுதியும் ஒன்று, எல்லையும் ஒன்று. அதே மக்கள் அதே ஓட்டால் தேர்ந்தெடுத்த இன்னொரு ஆள் எதிர்வீட்டில் உட்கார்ந்திருப்பார். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் கட்சி சீட்டு யாருக்கு என்ற கேள்வி வரும்போது அவர் சும்மா இருப்பாரா? ஆறு பேருக்கு மேல் அமைச்சராக முடியாத ஊரில், மிஞ்சியவர்களுக்கு வாரியத் தலைவர் பதவியைப் பங்கிட்டுச் சமாதானம் செய்கிற ஊரில், உள்ளாட்சித் தேர்தல் என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய போட்டியாளர்களுக்கு நீங்களே பயிற்சிக்கூடம் திறந்து கொடுப்பது மாதிரி. இப்போது புரிகிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

அதனால்தான் தேர்தலை யாரும் ரத்து செய்வதில்லை. அது தானாகவே தடுக்கி விழுகிறது. ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்த கல் உண்மையான கல்லாகவே இருக்கும், அதுதான் அழகு. முதலில் வார்டு மறுவரையறை முடியவில்லை. பிறகு தேர்தல் ஆணையர் யார் என்ற சண்டை. 2019-ல் அமைச்சரவை ஒருவரை நியமித்தது. ஆளுநர் மாளிகை அந்த நியமனம் செல்லாது என்றது. கோப்பு டெல்லிக்கும் புதுச்சேரிக்குமாக அலைந்து, கடைசியில் வேறொருவர் வந்தார். அவர் 2021 செப்டம்பரில் மூன்று கட்டத் தேர்தலை அறிவித்தார். அக்டோபர் 21, 25, 28 என்று தேதிகூடக் குறித்தாயிற்று. இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் குளறுபடி என்று வழக்கு. அறிவிப்பைத் திரும்பப் பெற்று, நவம்பருக்கு மாற்றினார்கள். அதற்குள் பிற்படுத்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் கொடுத்திருந்த ஒதுக்கீட்டை அரசு விலக்கிக்கொண்டது. முறையான தரவு இல்லாமல் உள்ளாட்சியில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது காரணம். எதிர்க்கட்சிகள் கொதித்தன, பந்த் நடந்தது, மறுபடி உயர் நீதிமன்றம், தேர்தல் நின்றது. தரவு திரட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.கே. சசிதரன் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தீர்கள். அன்றைக்கு நீதிமன்றம் போனவர்களில் இந்த அவையின் உறுப்பினர்களே இருந்தார்கள்.

பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன். அதற்காக வழக்குப் போட்டவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒதுக்கீட்டைக் காப்பாற்றத் தேர்தலை நிறுத்தியவர்கள், தேர்தலைக் காப்பாற்ற அந்தத் தரவை விரட்டி வாங்கினீர்களா? ஐந்து நகராட்சி, 108 கிராமப் பஞ்சாயத்து உள்ள இடம் இது. காலையில் பைக்கில் கிளம்பினால் புதுச்சேரிப் பகுதியின் ஐந்து கொம்யூன்களையும் மதியச் சாப்பாட்டுக்குள் சுற்றி வந்துவிடலாம். இங்கே வீடு வீடாகக் கணக்கெடுக்க எத்தனை ஆண்டு வேண்டும்? பிற்படுத்தப்பட்டவருக்கு எத்தனை சதவீதம் என்று சண்டை போட்டோம். இன்று அவருக்கும் இடமில்லை, பட்டியலினத்தவருக்கும் இடமில்லை, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அரசமைப்பு கொடுத்ததும் இல்லை. இருக்கிற நாற்காலியில் ஆணையர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு ஒதுக்கீடு பொருந்தாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அரசமைப்பின் 243-இ பிரிவு, பஞ்சாயத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்கிறது. ஒருவேளை இடையில் கலைத்தாலும் ஆறு மாதத்துக்குள் தேர்தல். 2006-ல் ஆமதாபாத் மாநகராட்சி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், இயற்கைப் பேரிடர் போன்ற அசாதாரணச் சூழல் தவிர வேறு எதற்காகவும் இதைத் தள்ளிப்போட முடியாது என்று சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த ஆண்டில் நாம் 38 ஆண்டு கழித்து ஓட்டுப் போட்டுவிட்டுக் கையில் மையோடு நின்றுகொண்டிருந்தோம்.

பக்கத்து வீட்டைக் காட்டித் தப்பிக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான் நடந்தது, 2025 ஜனவரியில் 28 மாவட்ட ஊராட்சிகளின் காலம் முடிந்தபோதும் தனி அலுவலர்கள்தான் வந்து உட்கார்ந்தார்கள். அது அவர்கள் வெட்கப்பட வேண்டியது. ஆனால் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லையென்றால் மத்திய நிதிக் குழுவின் மானியம் நிற்கும், கோடிக்கணக்கில் கை கடிக்கும், அந்தப் பயத்திலாவது ஒருநாள் தேர்தல் வந்துவிடும். யூனியன் பிரதேசமான நமக்கு நிதிக் குழுவின் வரம்பே பொருந்தாது. நிதிக் குழுவில் எங்களையும் சேருங்கள் என்று டெல்லியில் நீங்கள் கேட்கிறீர்கள், நியாயமான கோரிக்கை. சேர்த்துவிட்டால் உள்ளாட்சிப் பங்கை எந்த மன்றத்தின் கணக்கில் போடச் சொல்வீர்கள்?

நம் ஊர் இந்தியாவோடு சேர்ந்த கதையையும் கொஞ்சம் பேச வேண்டும். ஆகஸ்ட் 16 தோறும் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறீர்கள். 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 பேர் கூடி வாக்களித்ததையும், 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்ததையும் ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறீர்கள். அந்த 178 பேர் யார் என்று விரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்கள் அதில் கொஞ்சம். மிச்சம் அத்தனை பேரும் கொம்யூன் மன்றங்களின் உறுப்பினர்கள். இன்றைய பேச்சில் சொன்னால் கவுன்சிலர்கள். அதற்கு ஏழு மாதம் முன்பு, மார்ச்சில், இணைப்புக்கு ஆதரவாக முதலில் தீர்மானம் போட்டவர்களும் புதுச்சேரியைச் சுற்றியிருந்த கொம்யூன்களின் மேர்களும் (மேயர்களும்) கவுன்சிலர்களும்தான். அதுவரை பிரான்சின் பக்கம் நின்ற எதுவார் குபேர் கட்சி மாறி நெட்டப்பாக்கத்தில் கொடி ஏற்றியதும் அந்தச் சூட்டில்தான். பின்னாளில் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானவர் அவர்.

1880-ல் பிரெஞ்சு அரசின் ஆணையால் வந்தவை அந்த மன்றங்கள். முதலில் பத்து கொம்யூன், 1907-ல் பதினேழு. அந்தக் காலத்து மேர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. கள்ள ஓட்டுக்கும் அடியாட்களுக்கும் பிரெஞ்சிந்தியத் தேர்தல்கள் பேர்போனவை. மேரி என்ற மேயர் அலுவலகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஓட்டுப்பெட்டியும் இருந்தது. இருந்தாலும், ஒரு நாட்டோடு சேருவதா வேண்டாமா என்ற கேள்வி வந்தபோது இரண்டு அரசுகளும் யாரைக் கேட்டன என்பதைப் பாருங்கள். கிராமத்து கவுன்சிலரைக் கேட்டன. நீங்கள் இன்று உட்கார்ந்திருக்கும் சட்டமன்றம் பிறந்தது 1963-ல். கவுன்சிலர்கள் அதற்கு மூத்தவர்கள்.

கடற்கரைச் சாலையில் அந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிக் கடனில் பழைய மாதிரியே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். தூண்களும் பால்கனியும் அச்சு அசலாக வந்துவிட்டன. சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். உள்ளே உட்கார வேண்டிய நகர்மன்றத்தை மட்டும் கட்டாமல் விட்டுவிட்டீர்கள். பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவதா, பகுதி பகுதியாகச் சீரமைப்பதா என்று வியாபாரிகள் போராடினார்களே, அந்தப் பேச்சு நடந்திருக்க வேண்டிய இடம் அந்த மன்றம். மார்க்கெட் நகராட்சியின் சொத்து. பேச்சு நடந்ததோ ஸ்மார்ட் சிட்டி அதிகாரிகளோடு.

2006-லிருந்து 2011 வரை மன்றம் இருந்ததே, என்ன சாதித்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதிலில் உங்கள் பங்கும் இருக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் பொதுப்பணித் துறையிடம். பள்ளிக்கூடம் கல்வித் துறையிடம். அரசமைப்பின் பதினொன்றாம் அட்டவணையில் பஞ்சாயத்துகளுக்கு 29 பொருள்கள், பன்னிரண்டாம் அட்டவணையில் நகராட்சிகளுக்கு 18 பொருள்கள். அவற்றில் பணமும் ஆளும் சேர்த்து நீங்கள் மனமுவந்து கைமாற்றியவை எத்தனை? கையையும் காலையும் கட்டி ஓடவிட்டு, ஓடவில்லை பார் என்று காட்டினீர்கள். வந்தவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள், சிலர் பெயருக்கு நின்றவர்கள், சில பெண் தலைவர்களின் நாற்காலியில் கணவர்கள் உட்கார்ந்தார்கள். எல்லா ஊரிலும் நடந்ததுதான். இரண்டாவது தேர்தல், மூன்றாவது தேர்தல் என்று போகும்போதுதான் அது சரியாகும். கேரளத்தில் சரியானது அப்படித்தான். மாஹேக்காரர்களைக் கேளுங்கள், சுற்றிலும் பஞ்சாயத்துத் தேர்தல் தவறாமல் நடப்பதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் புதைசாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயுவில் மூன்று பேர் இறந்தார்கள். வார்டு கவுன்சிலர் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். செத்தவர்களை வைத்து வாதம் செய்வது சரியல்ல. ஆனால் அதற்கு மறுநாள் அந்தப் பகுதி மக்கள் கேள்வி கேட்க வேண்டியிருந்தது பொறியாளரையும் ஆட்சியரையும் அமைச்சரையும்தான். அதே தெருவில் குடியிருந்து, அதே குழாயோடு தன் வீட்டையும் இணைத்திருக்கிற ஒரு பிரதிநிதி அவர்களுக்கு இல்லை. அந்த ஆண்டே நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. எந்தச் சந்தில் கிழவி ஒருத்தி தனியாக இருக்கிறாள், எந்த வாய்க்காலை யார் அடைத்து வீடு கட்டியிருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்த ஆள் ஒவ்வொரு வார்டிலும் ஒருவர் வேண்டியிருந்தது. நீங்கள் முழங்கால் தண்ணீரில் நடந்தீர்கள், பார்த்தோம். 33 ஆயிரம் பேருக்கு ஒருவர் எவ்வளவுதான் நடப்பார்?

இப்போது மாநில அந்தஸ்துக்கு வருகிறேன். நீங்கள் டெல்லியிடம் வைக்கிற வாதம் என்ன? மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் நாங்கள் இருக்க, நியமிக்கப்பட்ட ஒருவர் கோப்பைத் திருப்பி அனுப்புகிறார். எங்கள் அதிகாரிகள் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை. எங்களிடம் பணம் செலவழிக்கிற உரிமை இல்லை. 2019 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் நாராயணசாமியும் அமைச்சர்களும் கருப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகை வாசலில் இரவு பகலாக உட்கார்ந்தது இதற்காகத்தான். எங்களைக் கேட்காமல் மூன்று பேரை உறுப்பினர்களாக நியமிக்கிறார்களே என்று உச்ச நீதிமன்றம் வரை போனதும் இதற்காகத்தான். அந்தச் சண்டையில் நான் உங்கள் பக்கம். இந்த வாதத்தில் ஆளுநர் என்ற இடத்தில் ஆணையர் என்றும், புதுச்சேரி என்ற இடத்தில் பாகூர் என்றும், மண்ணாடிப்பட்டு என்றும், திருநள்ளாறு என்றும் போட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு எழுத்து மாற்ற வேண்டியதில்லை. இன்னும் சொன்னால் உங்கள் நிலைமை தேவலை. டெல்லி உங்கள் கோப்பைத்தான் திருப்பி அனுப்புகிறது. நீங்கள் எங்கள் மன்றத்தையே காலியாக வைத்திருக்கிறீர்கள்.

பாராளுமன்றத்தில் யாராவது ஒருவர் எழுந்து, உங்களிடம் கொடுத்த அதிகாரத்தை நீங்கள் கீழே பகிர்ந்தீர்களா என்று கேட்டால், உங்கள் எம்.பி. என்ன பதில் சொல்வார்? மாநில அந்தஸ்துக் கோரிக்கையின் மிகப் பெரிய ஓட்டை இதுதான். இதை டெல்லி இன்னும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் அதற்கும் இது வசதியாக இருக்கிறது.

கேட்பதற்குச் சில விஷயங்கள் உண்டு. ஒதுக்கீட்டுத் தரவு வேலையின் இன்றைய நிலையை அவையில் வையுங்கள். முடிந்தது எது, முடியாதது எது, யாரால் நிற்கிறது என்று துறை பதில் சொல்லட்டும். உங்களில் ஒருவர் கேள்வி நேரத்தில் எழுப்பினால் போதும், அதற்கு ஆளுநரின் கையெழுத்து தேவையில்லை. அதற்குள் எடுத்த தரவு பழசாகிவிட்டது, புதிதாக ஆரம்பிக்க வேண்டும் என்ற அடுத்த கல்லைத் தயவுசெய்து வைக்காதீர்கள். தேர்தல் வரும்வரை ஒவ்வொரு கொம்யூனின் வரவு செலவையும் தமிழில், கிராமம் வாரியாக, அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்கு எவ்வளவு, ஒப்பந்தம் யாருக்கு என்று நாங்கள் படித்துக்கொள்கிறோம்.

இன்னொரு பயம் எனக்கு இருக்கிறது. தேர்தலைத் தவிர்க்கவே முடியாது என்ற நிலை வந்தால், தலைவர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றப் பார்ப்பீர்கள். தமிழ்நாட்டில் 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து மேயரையும் நகராட்சித் தலைவரையும் கவுன்சிலர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று மாற்றினார்கள். அப்புறம் நடக்கிறது தெரியும்தானே. கவுன்சிலர்களைப் பேருந்தில் ஏற்றி எங்காவது தங்கவைத்து, வாக்கெடுப்பு அன்று காலையில் கொண்டுவந்து இறக்குவார்கள். ரிசார்ட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. எங்கள் தலைவரை நாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம், அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

இந்த மடலுக்கு அறிக்கையாகப் பதில் வேண்டாம். 30 தொகுதிகளிலும் உங்களுக்கு அலுவலகம் இருக்கிறது, வாசலில் கரும்பலகையோ பேனரோ இருக்கிறது. உள்ளாட்சித் தேர்தலை எந்த ஆண்டு எந்த மாதத்துக்குள் நடத்த நீங்கள் ஆதரவு தருகிறீர்கள் என்று அதில் ஒரு வரி எழுதி, கீழே உங்கள் பெயரைப் போடுங்கள். மூன்று நியமன உறுப்பினர்களும் விருப்பப்பட்டால் எழுதலாம். எழுதியவர் யார், எழுதாதவர் யார் என்று நாங்கள் தெருத்தெருவாகக் குறித்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
2006-ல் ஒரே ஒரு முறை உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட்ட வாக்காளன்,
புதுச்சேரி